குடும்பக் குழு: திவ்யாவோட டீச்சர் வேலை அப்ளிகேஷன்

திவ்யா: பெரியம்மா, மேட்ஸ் டீச்சர் வேலைக்கு அப்ளிகேஷன் எழுதிட்டேன். தனியார் ஸ்கூல், 6ல இருந்து 8 வரைக்கும். நாளைக்குள்ள அனுப்பணும். பிடிஎஃப் போட்டிருக்கேன், பாக்குறீங்களா?

அம்மா: அக்கா, நீங்க பாத்துச் சொன்னாதான் எனக்கு நிம்மதி.

மாமா: டெட், அதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணதை மேலயே போடச் சொல்லுங்கக்கா. ஆனா அது ஏழு வருஷம்தானே செல்லும்?

பெரியம்மா: அது முன்னாடி தம்பி. 2021ல மாத்திட்டாங்க. 2011ல இருந்து பாஸ் பண்ணவங்களுக்கும் சேத்து, இப்ப ஆயுசுக்கும் செல்லும்.

பெரியம்மா: திவ்யா, படிச்சேன். பிழை எதுவும் இல்ல. ஆனா முதல் பத்தியில "கடின உழைப்பாளி, பொறுமைசாலி, குழந்தைகள் மேல் அன்பு உள்ளவள்"னு இருக்கு. நான் எச்.எம்.மா இருந்தப்ப மே மாசம் மேசை மேல கட்டுக்கட்டா வரும். பாதிக்கு மேல இதே வரிதான். பேரை மறைச்சுட்டா யார் எழுதினதுன்னே தெரியாது. கிளாஸ்ல நீ என்ன பண்ணேன்னு ஒரு வரி இல்லையே கண்ணு.

திவ்யா: எக்ஸ்பீரியன்ஸ் இல்லையே பெரியம்மா. பி.எட். டீச்சிங் பிராக்டிஸ் மட்டும்தான். அதைப் போட்டிருக்கேன்.

பெரியம்மா: ஸ்கூல் பேரும் தேதியும்தான் இருக்கு.

அண்ணன்: கவர்மென்ட்டோட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துல இவ தன்னார்வலரா இருந்தாளே! சாயங்காலமானா நம்ம மாடி முழுக்க பிள்ளைங்கதான்.

திவ்யா: அது வேலைக் கணக்குல வருமா? மாசம் ஆயிரம் ரூபா ஊக்கத்தொகைதான் குடுத்தாங்க.

பெரியம்மா: கண்டிப்பா வரும். கொரோனால ஸ்கூல் பூட்டிக் கிடந்து பாடமெல்லாம் விட்டுப்போன பிள்ளைங்க அவங்க. எதுல ரொம்பத் திணறுனாங்க?

திவ்யா: பின்னத்துல. 1/2 + 1/3 குடுத்தா 2/5னு எழுதுவாங்க. மேல இருக்குறதை மேலயும், கீழ இருக்குறதைக் கீழயும் கூட்டிருவாங்க.

பெரியம்மா: நீ என்ன பண்ண?

திவ்யா: தப்புன்னு சொல்லல. ஒரே நீளத்துல ரெண்டு பேப்பர் பட்டை குடுத்து, ஒண்ணை ரெண்டா, இன்னொண்ணை அஞ்சா மடிக்கச் சொன்னேன். பாதியையும் 2/5ஐயும் பக்கத்துல வெச்சுப் பாத்தா 2/5 சின்னதா இருக்கு. "பாதியோட இன்னும் கொஞ்சம் சேத்தா எப்படிக்கா குறையும்?"னு ஒரு பையனே கேட்டான். அப்புறம் ஆறா மடிச்சோம். பாதிக்கு மூணு பங்கு, 1/3க்கு ரெண்டு பங்கு, ரெண்டும் சேந்து 5/6.

பெரியம்மா: இதை எழுது! முதல் பத்தியே இதுதான். தப்பு எங்க இருந்து வருதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கிற வரைக்கும் காத்திருந்திருக்க. இதைப் படிக்கிறவங்களுக்கு நீ பொறுமைசாலின்னு தனியாச் சொல்லவே வேண்டாம். டெமோ கிளாஸ்லயும் இதைத்தான் கேப்பாங்க, பட்டையெல்லாம் வெட்டித் தயாரா வெச்சுக்கோ. மடிச்ச பட்டையோட போட்டோ ஒண்ணு சேக்கலாம். பிள்ளைங்க முகம் தெரியுற போட்டோ மட்டும் வேண்டாம்.

அம்மா: கோலப்போட்டி சர்டிபிகேட், டைப்ரைட்டிங் எல்லாம் இருக்கேக்கா?

பெரியம்மா: டைப்ரைட்டிங் ஒரு வரி போதும். கோலத்தை வெச்சு சிமெட்ரி சொல்லிக்குடுத்திருந்தா போடலாம். வெறும் பரிசுன்னா வேண்டாம்.

மாமா: கவர்மென்ட் வேலைக்கும் இப்படியே எழுதலாமாக்கா?

பெரியம்மா: அங்க டிஆர்பி, அதான் ஆசிரியர் தேர்வு வாரியம், நடத்துற பரீட்சை மார்க், இடஒதுக்கீட்டுக்கான இனச் சுழற்சி, சர்டிபிகேட் சரிபார்ப்பு. கடிதத்துக்கு இடமே இல்ல. தனியார் ஸ்கூல்லதான் பிரின்சிபாலோ கரஸ்பாண்டென்ட்டோ உக்காந்து படிப்பாங்க. திவ்யா, முதல்ல தமிழ்ல எழுது. மனசுல இருக்குறது அப்படியே வரும். அப்புறம் இங்கிலீஷ்ல மாத்திக்கலாம்.

திவ்யா: "இல்லம் தேடிக் கல்வி மையத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கூட்டல் சொல்லிக்கொடுத்தேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியவர்கள், காகிதப் பட்டைகளை மடித்துப் பார்த்து, விடை பாதியை விடக் குறைவதைத் தாங்களே கண்டுகொண்டார்கள்." சரியா பெரியம்மா?

பெரியம்மா: நல்லா இருக்கு. அதுக்கப்புறம்? எல்லாருக்கும் வந்துடுச்சா?

திவ்யா: இல்ல. மூணு பேருக்கு வரல. அவங்களுக்கு வாய்ப்பாடே தடுமாற்றம். தினமும் முதல் பத்து நிமிஷம் அவங்களோட வாய்ப்பாட்டுல இருந்து ஆரம்பிச்சேன்.

பெரியம்மா: அந்த மூணு பேரையும் எழுது. பத்து நிமிஷத்தையும் எழுது. ராத்திரிக்குள்ள இங்கிலீஷ்ல மாத்திப் போடு, முழிச்சிருந்து பாக்குறேன்.