கலைச்சொல் தேவை: சோஷியல் இன்க்ளூஷன், இன்டர் ஏஜென்சி (அயர்லாந்து உள்ளாட்சி)

அன்புள்ள குழுவினருக்கு,

அயர்லாந்தின் உள்ளாட்சி பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சில சொற்கள் நகரவிடாமல் நிறுத்திவிட்டன.

பின்னணி இதுதான். 2000ஆம் ஆண்டில் அங்கே ஒவ்வொரு கவுண்டியிலும் (அந்நாட்டின் நிர்வாகப் பிரிவு) பெருநகரிலும் ‘கவுண்டி டெவலப்மென்ட் போர்டு’ என்று ஒன்றை அமைத்தார்கள். உள்ளாட்சி உறுப்பினர்கள், சுகாதாரம், தொழிற்பயிற்சி, காவல் போன்ற அரசு அமைப்புகளின் அதிகாரிகள், தொழிற்சங்கத்தார், விவசாயிகள், தன்னார்வ அமைப்புகள் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, 2002 முதல் 2012 வரைக்குமான பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். அதன் கீழே ‘சோஷியல் இன்க்ளூஷன்’, அதாவது வளர்ச்சியில் விடுபட்டவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பணிகளைக் கவனிக்க ஒரு துணைக்குழு. பல அரசு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்வதால் அதை ‘இன்டர் ஏஜென்சி’ என்கிறார்கள். 2014இல் உள்ளாட்சிச் சீர்திருத்தச் சட்டம் வந்து போர்டுகள் போய், ‘லோக்கல் கம்யூனிட்டி டெவலப்மென்ட் கமிட்டி’ வந்தது.

துணைக்குழுவுக்கு நான் வைத்திருப்பது: ‘மாவட்ட வளர்ச்சி வாரியத்தின் சமூக உள்ளடக்கத்திற்கான முகமைகள் ஒருங்கிணைப்புக் குழு’. படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. நல்லதாக ஏதாவது சொல்லுங்கள்.

அன்புடன்

---

மறுமடல்

வணக்கம் அம்மா,

நீளம் இருக்கட்டும். உங்கள் தொடரில் எனக்கு உறுத்துவது ‘ஒருங்கிணைப்பு’தான். மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

‘மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு’ என்றதும் நம் ஊர் வாசகர் மனதில் என்ன தோன்றும்? நடுநாற்காலியில் கலெக்டர். இரு பக்கமும் கோப்போடு அதிகாரிகள். அவர் கேட்டால் பதில் வர வேண்டும், வராவிட்டால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். அயர்லாந்தில் அந்த நாற்காலியே கிடையாது. அங்கே கவுண்டி கவுன்சிலின் கையில் இருப்பது வீட்டுவசதி, சாலை, கட்டுமான அனுமதி, நூலகம், தீயணைப்பு போன்றவை. காவல்துறை நாடு முழுவதற்கும் ஒன்றே. மருத்துவம் 2005 முதல் ஹெச்எஸ்இ என்ற தேசிய அமைப்பிடம். உதவித்தொகை டப்ளினில் இருக்கும் அமைச்சகத்தின் வேலை. தொழிற்கல்விக்கு 2013இல் உண்டான 16 கல்வி பயிற்சி வாரியங்கள். பள்ளிக்கூடங்கள் கவுன்சிலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஐரோப்பாவில் உள்ளாட்சிக்கு இவ்வளவு குறைவாக அதிகாரம் கொடுத்த நாடுகள் அதிகம் இல்லை.

டிராவலர் மக்களை, அதாவது வழிவழியாக ஊர் ஊராக இடம்பெயர்ந்து வாழ்ந்த அயர்லாந்துச் சிறுபான்மையினரை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 மார்ச் 1 அன்றுதான் அவர்களைத் தனி இனக்குழுவாக அந்த அரசு ஏற்றது. 2022 கணக்கெடுப்பில் 33,000க்குச் சற்றுக் குறைவானவர்கள். ஊருக்கு வெளியே கேரவன்கள் நிற்கும் ஓர் இடத்தில் குடும்பங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். இடமும் கழிப்பறையும் கவுன்சில் பொறுப்பு. குழந்தை பள்ளிக்குப் போகிறதா என்று பார்ப்பது 2014இல் அமைந்த துஸ்லா என்ற குழந்தைகள், குடும்ப நல முகமை. தாய்க்கு மருத்துவம் ஹெச்எஸ்இ. தகப்பனுக்கு வேலைப்பயிற்சி இன்னொரு வாரியம். இதில் ஒருவர் மற்றவருக்கு உத்தரவிட முடியாது. கவுன்சிலின் தலைமை அதிகாரி கூட்டத்துக்கு அழைக்கலாம். வராவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பல இடங்களில் அந்தக் கூட்டங்கள் பேசிக் கலைந்ததற்கும் இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

ஆகவே ‘ஒருங்கிணைப்பு’ என்றால் ஒருங்கிணைப்பவர் ஒருவர் உண்டு என்று பொய் சொல்வதாகிவிடும். இன்டர் ஏஜென்சிக்கு நான் முன்வைப்பது: முகமைக் கூட்டுப்பணி. குழுவைச் சொல்ல முகமைகள் கூட்டுக்குழு. ‘முகமை’ நமக்குப் புதிதில்லை, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை என்று அரசே எழுதுகிறது.

இதே காரணத்தால் ‘வாரியம்’ மீதும் எனக்குச் சந்தேகம். மின் வாரியம், குடிநீர் வாரியம் என்று பழகிய காதுக்கு, அது பணமும் ஊழியரும் பொறியாளரும் உள்ள இடம். அந்தப் போர்டிடம் சொல்லிக்கொள்ளும்படி பணமில்லை. உறுப்பு அமைப்புகளின் பணத்தைத் திட்டத்தின் பக்கம் திருப்பச் சொல்லிக் கேட்கத்தான் முடிந்தது. கவுண்டி வளர்ச்சி மன்றம் என்று எழுதுங்கள்.

‘மாவட்டம்’ வேண்டாம், ‘கவுண்டி’யே இருக்கட்டும். லீட்ரிம் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 35,000. டப்ளின் கவுண்டியிலோ நான்கு கவுன்சில்கள். நம் மாவட்டத்தோடு அளவும் பொருந்தாது, அமைப்பும் பொருந்தாது. கவுண்டி கிரிக்கெட் என்று நம் பத்திரிகைகள் எழுதி எழுதிச் சொல் பழகிவிட்டது. வேறு யார் நினைவுக்கு வந்தாலும் சிரித்துவிட்டு மேலே போகலாம்.

இனி ‘சமூக உள்ளடக்கம்’. புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருப்பதுதான் உள்ளடக்கம். ‘அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி’ என்று எச்சமாக வரும்போது இடறுவதில்லை, பெயராக்கினால் இடறுகிறது. சிலர் ‘அரவணைப்பு’ என்பார்கள். அதில் அரவணைக்கிறவர் உயரத்தில் நிற்கிறார். உரிமை கேட்டு வந்தவரைப் பிள்ளையாக்கிவிடும். எதிர்ச்சொல்லிலிருந்து போகலாமா என்று பார்த்தேன். 1974இல் பிரான்சின் சமூகநலத் துறையில் இருந்த ரெனே லெனுவார், வளர்ச்சியின் பலன் எட்டாமல் விடுபட்டவர்களைப் பற்றிப் பேசியதிலிருந்துதான் இந்தப் பேச்சே ஐரோப்பாவில் பரவியது. அந்த விடுபடலைச் ‘சமூக விலக்கம்’ என்றால் நமக்கு ஊர்விலக்கு நினைவு வருகிறது, தண்டனை ஆகிவிடுகிறது. அங்கே பெரும்பாலும் யாரும் தீர்ப்புச் சொல்லி விலக்கவில்லை. பேருந்து வராத ஊர், வேலை போன வயது, எழுதப் படிக்கத் தெரியாத நிலை, இப்படித்தான். எனவே விடுபடல் என்றே வைக்கலாம்.

நேர்ச்சொல்லுக்கு சமூக உள்ளிணைவு. கவனிக்க, ‘இணைப்பு’ அல்ல. இணைப்பு என்றால் யாரோ இணைக்கிறார். இணைவில் அவர்களே இணைகிறார்கள்.

அன்புடன்

---

மறுமடல்

ஐயாவுக்கு வணக்கம்.

அயர்லாந்தில் இருப்பதால் சிலதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கட பக்கத்துச் சொல். இலங்கையில் ‘உட்படுத்தல் கல்வி’ என்ற வழக்கு உண்டு. அதை வைத்துச் ‘சமூக உட்படுத்தல்’ எனலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். தமிழ்நாட்டு வாசகருக்கு அது ‘சோதனைக்கு உட்படுத்தினர்’ மாதிரி ஒலிக்கும் என்பதால் நானே வற்புறுத்தவில்லை. உள்ளிணைவு இரு கரைக்கும் விளங்கும். ஆனால் ‘வளர்ச்சி’ என்ற இடத்தில் நாங்கள் ‘அபிவிருத்தி’ என்போம், அடைப்புக்குள் ஒருமுறை போட்டால் நல்லது.

கூட்டுப்பணி பற்றி எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் போர்டுக்கு நீங்கள் சொன்னது சரி. 2014க்குப் பிறகு வந்த கமிட்டி வெறும் பேச்சு மேசை இல்லை. சிகாப் என்ற உள்ளிணைவுத் திட்டத்தின் பணத்துக்கு அது ஒப்பந்தம் போடுகிறது. உள்ளூர் வளர்ச்சி நிறுவனங்கள் வேலையைச் செய்கின்றன. மேலே போபல் என்ற அமைப்பு மேற்பார்வை. லீடர் என்ற ஐரோப்பிய ஊரகத் திட்டத்தில் அரசுத் தரப்பு தனியே முடிவெடுக்கும் அளவுக்கு அதற்கு வாக்கு இருக்கக்கூடாது என்று விதி. ஆகவே அங்கே சமமாக உட்காருவது நல்லெண்ணத்தால் மட்டும் இல்லை, சட்டத்தாலும்தான். பழையதற்கு மன்றம், புதியதற்குக் குழு என்று வேறுபடுத்தினால் கட்டுரை தெளிவாகும்.

சொல் தாங்குமா என்று பார்க்க ஒரு வாக்கியம். கவுன்சில்தோறும் ஒரு பொதுமக்கள் பங்கேற்பு வலையமைப்பு உண்டு. அதில் சேரும் சங்கங்கள் மூன்று தொகுதிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்: சமூக மற்றும் தன்னார்வம், சுற்றுச்சூழல், உள்ளிணைவு. ‘எங்கள் சங்கம் உள்ளிணைவுத் தொகுதியில் பதிந்திருக்கிறது.’ சொல்லிப் பார்த்தேன், நிற்கிறது. ‘அரவணைப்புத் தொகுதி’ என்றால் யாரும் பதிய மாட்டார்கள்.

ஐரிஷ் மொழிக்கும் நம்மைப் போலக் கலைச்சொல் குழு இருக்கிறது. 2003இன் ஆட்சிமொழிச் சட்டம் வந்த பிறகு அவர்களுக்கு வேலை கூடிவிட்டது. நம் குழுவுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை.

---

மறுமடல்

இருவருக்கும் நன்றி.

கவுண்டி வளர்ச்சி மன்றம், முகமைக் கூட்டுப்பணி, சமூக உள்ளிணைவு, விடுபடல் நான்கையும் எடுத்துக்கொள்கிறேன். துணைக்குழு இப்போது ‘மன்றத்தின் உள்ளிணைவுக் கூட்டுக்குழு’ ஆகிவிட்டது. மூச்சு வாங்கவில்லை. ஊராட்சி மன்றம் போலத் தேர்தல் நடத்தி அமைத்தது என்று யாரும் நினைக்காமல் இருக்க, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். அபிவிருத்தியும் அங்கேயே அடைப்புக்குள் வரும்.

ஒன்று பாக்கி இருக்கிறது, அதுதான் பெரிய தலைவலி. புதிய கமிட்டியின் பெயரில் வரும் ‘கம்யூனிட்டி’. ‘உள்ளூர்ச் சமுதாய வளர்ச்சிக் குழு’ என்று எழுதிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். “எந்தச் சமுதாயம்? கல்யாண மண்டபம் கட்டுறாங்களா?” என்று கேட்டார். ‘சமூகம்’ என்றாலும் இன்று அதே கதிதான், அதோடு சோஷியலுக்கும் அதையே வைத்திருக்கிறோம். ‘ஊரார்’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் பெருநகர வட்டாரங்களுக்குப் பொருந்துமா என்று தயங்குகிறேன். ‘குடிமக்கள்’ என்றால் அகதியாக வந்தவர்கள் வெளியே போய்விடுவார்கள், இந்தக் கட்டுரையில் அது ஆகவே ஆகாது.

சாதி வாடை இல்லாத ஒரு சொல் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கிறேன்.