சம்பளம் குறைந்தால் பிள்ளைக்குக் கொடுக்கும் தொகையும் தானாகக் குறையுமா?

பெரம்பூர்வாசி:
மனைவியும் நானும் பிரிந்து வாழ்கிறோம். 2022இல் சென்னை குடும்ப நல நீதிமன்றம் என் மகனுக்கு மாதம் 15,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிட்டது. அப்போது எனக்குக் கைக்கு வந்த சம்பளம் 68,000. சென்ற தை மாதம் வேலை போய், இப்போது கிடைத்திருக்கும் வேலையில் 44,000தான் வருகிறது. சம்பளத்தில் 25 விழுக்காடு என்பதே உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு என்று படித்ததால், நான்கு மாதங்களாக 11,000 அனுப்பி வருகிறேன். நேற்று வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. கணக்குப்படி கொடுத்தவன் மேல் என்ன தவறு?

மடிப்பாக்கம் வாசகி:
நீதிபதி எழுதிய உத்தரவை நீங்களாகவே திருத்தி எழுதிக்கொண்டதுதான் தவறு. 68,000இல் 25 விழுக்காடு என்றால் 17,000 வந்திருக்க வேண்டும். உங்கள் உத்தரவிலேயே அந்தக் கணக்கு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த விழுக்காடு 2017இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில், மனைவிக்கான ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசும்போது வந்தது. பிள்ளைக்கான சூத்திரமாக யாரும் அதை வகுக்கவில்லை. அதே வழக்கில் கணவர் மறுமணம் செய்து குழந்தையும் பெற்றிருந்ததால் 23,000 என்பது 20,000 ஆனது. அப்படிக் குறைத்தது நீதிமன்றம், கணவர் அல்ல.

நானும் ஏழு ஆண்டுகளாகத் தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். பள்ளிக் கட்டணம், வேன், பள்ளி விட்டு நான் வீடு திரும்பும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவுக்குக் கொடுப்பது, மழைக்காலத்தில் இரண்டாகிவிடும் இன்ஹேலர் என்று எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, ரசீதுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். 4,000 ரூபாய் வராத மாதத்தில் அதில் எந்த வரியை அடிப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்கர்:
அம்மா சொல்வது சட்டப்படி சரி என்றாலும், இந்தக் குழப்பத்துக்கே காரணம் நம்மிடம் சூத்திரம் இல்லாததுதான் என்பேன். பிரிட்டனில் வாரம் 200 முதல் 800 பவுண்டு வரை மொத்த வருமானம் உள்ளவர் ஒரு பிள்ளைக்கு 12 விழுக்காடு, இருவருக்கு 16, மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் 19 என்று அடிப்படை விகிதமே உண்டு. பிள்ளை ஆண்டுக்கு 52 இரவுகளாவது அவரிடம் தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். வருமானம் 25 விழுக்காடு மாறினால் ஆண்டின் நடுவிலேயே மறுகணக்குக் கேட்கலாம். இங்கேயும் அப்படி இருந்தால் பெரம்பூர் நண்பர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனைக்கும் வேலைக்கும் நடுவே அலைந்து, வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

மடிப்பாக்கம் வாசகி:
எதில் 12 விழுக்காடு, ஐயா? கோயம்பேட்டில் மொத்த வியாபாரம் செய்பவருக்கும் ரிச்சி தெருவில் கடை வைத்திருப்பவருக்கும் சம்பளச் சீட்டு யார் கொடுக்கிறார்கள்? என் முன்னாள் கணவர் காட்டிய வருமானம் மாதம் 18,000; அவர் ஓட்டி வந்த காரின் தவணை அதைவிட அதிகம். சூத்திரம் வந்திருந்தால் அந்த 18,000தான் என் பிள்ளையின் விதியாகியிருக்கும். வாழ்க்கை முறையையும் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கும் உரிமை நீதிபதிக்கு இருந்ததால் தப்பித்தோம்.

கணக்கர்:
ஒளித்து வைக்கும் அப்பாக்களுக்காக, ஒளிக்காத அப்பாக்கள் எத்தனை ஆண்டு காத்திருப்பது?

ஓய்வுபெற்ற கட்டுக்காப்பாளர்:
நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளைக் காத்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். இருவருக்கும் பாதிப் பதில் 2020 நவம்பர் 4ஆம் தேதி வந்த ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்பில் இருக்கிறது. எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே அளவுகோல் கிடையாது என்று அதில் சொன்ன உச்ச நீதிமன்றம், தாய் தந்தை இருவருமே வருமானம், சொத்து, கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று விதித்தது. வங்கிக் கணக்கு விவரமும் வருமான வரிக் கணக்கும் அதில் வரும் என்பதால், சம்பளச் சீட்டு இல்லாதவரும் எளிதில் நழுவ முடியாது. தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் பிள்ளையின் செலவை விகிதப்படி பகிரலாம் என்பதும் அதே தீர்ப்புதான்: தந்தைக்கு 60,000, தாய்க்கு 30,000, பிள்ளைக்கு மாதம் 18,000 செலவு என்றால் பங்கு 12,000க்கு 6,000 என்று வரும்.

பெரம்பூர் நண்பருக்கு ஒரு வார்த்தை. வருமான வரி, கட்டாய வைப்பு நிதி போன்ற பிடித்தங்களைத்தான் பொதுவாகக் கழிப்பார்கள். பைக் தவணையையும் தனிக் கடனையும் கழித்து நிகரச் சம்பளம் என்று காட்டினால் எடுபடாது. தொகையை மாற்ற வழியே இல்லை என்பதும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவில் 146ஆம் பிரிவாகியிருக்கிறது. சூழ்நிலை மாறியிருப்பதைக் காட்டி அதன்படி மனுப் போடலாம். அதுவரை மாதம் 15,000தான் கணக்கு. நான்கு மாதங்களில் நீங்கள் குறைத்துவிட்ட 16,000 நிலுவையாக நிற்கும். நிலுவைக்கு வாரண்ட் பிறப்பித்த பிறகும் கட்டாவிட்டால், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தாலும் கடன் தீராது என்று 1988இலேயே தீர்ப்பு இருக்கிறது.

பெரம்பூர்வாசி:
குறைத்தது என் தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உத்தரவு வந்தபோது வேலையில் இல்லாத பையனின் அம்மா இப்போது மாதம் 38,000 சம்பாதிக்கிறார். பையனுக்குச் சைக்கிளும் சீருடையும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இரண்டும் கணக்கில் வராதா?

மடிப்பாக்கம் வாசகி:
அவர் சம்பளம் வரும். அது உங்கள் மனுவுக்கு வலுவான காரணம். சைக்கிளை அப்பா தந்த பரிசாகவே விட்டுவிடுங்கள், அதற்காகத் தொகையில் பிடித்தம் கேட்காதீர்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் 2022இல் இருந்த இடத்தில் இருக்காது. மனுப் போட்டால் அந்த ரசீதுகளும் எதிரே வரும்.

ஓய்வுபெற்ற கட்டுக்காப்பாளர்:
வேலையிலிருந்து விடுவித்த கடிதம், பழைய சம்பளச் சீட்டு, புதிய சம்பளச் சீட்டு, நான்கு மாத வங்கிப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள். 16,000இல் இயன்றதைப் பையனின் அம்மாவின் கணக்கில் முதலில் கட்டிவிட்டு, அந்தச் சீட்டையும் மனுவோடு இணையுங்கள்.