ஒத்த உருவ ஆங்கிலச் சொற்கள்: பட்டியல் இருந்தா தாங்க

மார்த்தாண்டம், தக்கலை பக்கம் மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறவங்க கவனத்துக்கு. படிச்ச அட்டைகளை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி காட்டும் ஆன்கி செயலியில் கடினமான ஆங்கிலச் சொற்களுக்கு அட்டை தயாரிக்கிறோம். முன்பக்கம் கோடிட்ட இடத்தோட ஒரு வாக்கியம், பின்பக்கம் சொல், தமிழ்ப் பொருள், எதிர்ச்சொல். வெறும் சொல்லை மட்டும் போட்டா பொருள் தெரியும், வாக்கியத்தில் வைக்க வராது. நாளுக்கு 10 புதுச்சொல் போதும். 50 போட்டா ஒரே வாரத்தில் மறுபார்வை குவிஞ்சு ஆளே ஓடிருவாங்க.

சிக்கல் வேற இடத்தில். 'இன்ஜீனியஸ்' (ingenious) என்றால் புத்திசாலித்தனமான, 'இன்ஜென்யுவஸ்' (ingenuous) என்றால் கள்ளங்கபடமில்லாத. இதுபோல உருவம் ஒத்ததை ஒரே நாளில் படிச்சா ரெண்டும் குழம்பும். ஒன்று நல்லா பதிஞ்ச பிறகுதான் மற்றதைச் சேர்க்கணும். பழைய வினாத்தாள்களில் இருந்து இப்படிப்பட்ட இணைகளைத் தொகுத்து வச்சிருக்கிறவங்க பகிருங்க. உச்சரிப்பைப் பதிவு செய்து தர ஆங்கில ஆசிரியர் யாராவது கிடைப்பாங்களா? ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் வரவும் தயார்.