சாமை அரைவை: நூறு கிலோவுக்கு 20 கிலோ குருணை, ரெண்டே மாசத்துல சிக்கு வாடை

ஜவ்வாது உழவர்:
உழவர் குழுவுக்கு மோதல் வகை (மணியை வேகமா வீசி மோதவிட்டு உமியை உடைக்கிற) உமி நீக்கும் மெஷின் போட்டிருக்கோம். 2 ஹெச்.பி., சிங்கிள் பேஸ். விளைஞ்ச சாமையை உமியோட கீழ்நாட்டு வியாபாரிக்கு வித்துட்டு, ரேஷன் அரிசி பொங்கித் திங்கிற நிலை மாறணும், அதுக்குத்தான். 100 கிலோவுக்கு முழு அரிசி 45, குருணை 20. உமி போகாத மணியும் கலந்து வருது. வேகத்தைக் கூட்டினா குருணைதான் கூடுது. அரைச்ச அரிசி ரெண்டாம் மாசமே சிக்கு வாடை (எண்ணெய் கெட்டுப்போன வாடை) அடிக்குது. என்ன பண்ணலாம்?

ஆலைப்பட்டறை:
மொத்தம் 65 கிலோ வருதே, அது சாமைக்கு நியாயமான கணக்குதான். உடைசல் மட்டுமே பிரச்சினை.

முதல்ல ஈரப்பதம் பாருங்க, 10 முதல் 12 சதவீதம் இருக்கணும். அதுக்கு மேல போனா உமி இளகாது, மணியோடயே ஒட்டிக்கிட்டு வரும். ரொம்பக் காய்ஞ்சா நொறுங்கும். தார்ப்பாயில மெல்லிசாப் பரப்பிக் காயவெச்சு, ஒரு ராத்திரி நிழல்ல ஆறவிட்ட பிறகு அரைங்க. வெயில் சூட்டோட கொட்டினா குருணை நிச்சயம்.

அடுத்து, பெரிய மணி, பொடி மணி, சாவி (உள்ளே அரிசி பிடிக்காத பதர்) எல்லாம் ஒண்ணாப் போகுதுன்னு நினைக்கிறேன். பொடி மணிக்கு உமி போற வேகத்துல பெரிய மணி உடையும். சல்லடையில ரெண்டு தரமாப் பிரிச்சு, தனித்தனி வேகத்துல ஓட்டுங்க. ஒரே ஓட்டத்துல எல்லா உமியையும் எடுக்கப் பார்க்காதீங்க. குறைஞ்ச வேகத்துல ஒரு தடவை ஓட்டிட்டு, உமி போகாததை மட்டும் பிரிச்சுத் திரும்பப் போடுங்க. மணி மோதுற ரப்பர் வளையம் ஒரு பக்கமாத் தேய்ஞ்சிருக்கான்னும் பாருங்க.

ஜவ்வாது உழவர்:
கல் பிரிக்கிற மெஷின் இல்லீங்க, சல்லடை மட்டும்தான். கல்லை எடுக்க அது போதாதா?

ஆலைப்பட்டறை:
போதாது. சாமை அளவுக்கே மண்கட்டியும் பொடிக்கல்லும் இருக்கும், சல்லடை விட்டுடும். கல் பிரிப்பான்ல கீழிருந்து வர்ற காத்து மணியை மிதக்கவிடும். கனமான கல், அதிர்ற சாய்தட்டுல மேல ஏறிப் போயிடும். உமி நீக்குறதுக்கு முன்னாடியே இதை ஓட்டணும். இல்லேன்னா ரப்பர் வளையமும் சீக்கிரம் போயிடும்.

தானியக்குதிர்:
வாடைக்குக் காரணம் தவிட்டு எண்ணெய். உமி போனதும் காத்து படுது, தவிட்டுல இருக்கிற நொதி கொழுப்பை உடைக்குது. அதுக்காகப் பாலிஷ் போட்டுடாதீங்க, சத்து அங்கேதான் இருக்கு. காஞ்ச சாமையை உமியோட வெச்சா வருஷக்கணக்குல கெடாது. அதனால ஒரேயடியா அரைச்சு அடுக்காம, பதினைஞ்சு நாளைக்கு வேண்டியதை மட்டும் அரைங்க. பஞ்ச காலத்துக்குக் கையிருப்புன்னா அது உமியோட இருக்கிற சாமைதான். குருணை உப்புமாவுக்கு ஆகும். தவிடும் சிக்கு பிடிக்கும், அன்னன்னைக்கே மாட்டுக்குப் போட்டுடுங்க.

இன்னொண்ணு: நீலகிரி, தருமபுரி ரேஷன்ல 2023-ல கேழ்வரகு கொடுக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு உமி நீக்குற வேலையே இல்லை, நேரா மாவு மில்லுக்குப் போகலாம். சாமை, வரகுக்கு உள்ளூர்ல மெஷின் இல்லாம ரேஷனுக்குப் போற அந்த வழி திறக்காது. வரகுக்கு உமி பல அடுக்கு, சாமைக்கு வெச்ச அளவுல ஓட்டிடாதீங்க.

மின்கம்பி:
சாயந்தரம் ஓட்டுறீங்களா? மலையில அந்த நேரம் வோல்ட்டேஜ் இறங்கும். உமியைக் காத்தால ஊதிப் பிரிக்கிற ஊதியோட மோட்டார் தளர்ந்தா காத்து குறைஞ்சு உமி அரிசியோடயே விழும். பழியை உமி நீக்கி மேல போட்டு வேகத்தைக் கூட்டுவோம், குருணை எகிறும். ஓட்டும்போதே மீட்டர் வெச்சு வோல்ட்டேஜ் பாருங்க. 200-க்குக் கீழ வந்தா நிறுத்திட்டுக் காலையில ஓட்டுங்க.