எதிரெதிராக இரண்டு முகங்கள்: இந்தப் பெண் யார்?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். ஈப்போவில் பழைய ரோமானிய வெண்கலக் காசுகள் ஒரு கைப்பிடி மொத்தமாக வாங்கினேன். அதில் ஒன்று மனதைப் பிடித்துக்கொண்டது. நம் பழைய ஐம்பது காசு அகலம், அதைவிடத் தடிப்பு. ஒரு பக்கம் இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்க்கின்றன. இடப்பக்கம் தாடியில்லாத பையன், தலையில் இலைமாலை. வலப்பக்கம் ஒரு பெண், நெற்றிக்கு மேல் சின்னக் கிரீடம். பின்பக்கம் பாம்புக்கு ஏதோ ஊட்டும் பெண் தெய்வம், பக்கத்தில் தனியாக ஆங்கில ஈ போல ஓர் எழுத்து. அம்மாவும் மகனுமா? எங்கள் வீட்டில் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா?

பதில் (கூலிம்):
ரோமப் பேரரசி யூலியா டொம்னாவும் அவர் மகன் பேரரசர் கரகல்லாவும் எதிரெதிரே இருக்கும் காசுகள் நிறைய உண்டு. அதுவாகத்தான் இருக்கும்.

பதில் (பீடோங்):
தம்பி, முதலில் புளியைத் தூர வையுங்கள். எலுமிச்சையும் வேண்டாம். இந்தக் காசில் எழுத்தின் விளிம்பு, காலப்போக்கில் வெண்கலத்தின் மேல் படிந்த பச்சைப் படலத்தில்தான் நிற்கிறது. புளிப்பு பட்டால் படலத்தோடு பெயரும் போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் ஊற வைத்து, மண் இளகியதும் மூங்கில் குச்சியால் மெல்லத் தள்ளுங்கள், போதும்.

இனி அந்தப் பெண். இதை ரோம் அடிக்கவில்லை, ஒரு மாகாண நகரம் அடித்தது. எழுத்து கிரேக்கம். அந்த ஈ, ஐந்து என்ற எண். நம் பழைய கணக்கில் ஐந்துக்கு 'ரு' போடுவோமே, அப்படி. அசாரியா என்ற சிறு காசில் ஐந்தின் மதிப்பு. அந்த மதிப்புக்கு இரண்டு முகம் வைப்பது கருங்கடல் பக்கத்து மார்சியானோபோலிஸில் வழக்கம். இன்று அது பல்கேரியாவின் தெவ்னியா. ரோமப் பேரரசர் ட்ராஜன் தன் அக்காள் மார்சியானாவின் பெயரை வைத்த ஊர்.

அங்கே கரகல்லா டொம்னாவோடு வரும்போது பெரும்பாலும் தாடியோடு இருப்பார். உங்கள் பையனுக்குத் தாடி இல்லை. அப்படியானால் இளவயதுப் பேரரசர் ஒருவராக இருக்கலாம்: பாட்டி மேசாவோடு எலகாபலஸ், அம்மா மாமேயாவோடு செவெரஸ் அலெக்சாண்டர், மனைவி த்ரான்குல்லினாவோடு மூன்றாம் கோர்டியன், மூன்று வழியும் இருக்கிறது. முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு முகங்களுக்கும் கீழே விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குறுக்குக் கோடு இல்லாத ஆங்கில ஏ மாதிரி எழுத்து இரண்டு தெரிந்தால் அது த்ரான்குல்லினா. கிரேக்க 'ல்' அது. பெயர் சில அச்சுகளில் இரண்டு வரியாக உடைந்திருக்கும்.

அவளாக இருந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். 241இல் கோர்டியனை மணந்தாள். அப்பா திமெசிதேயஸ், பேரரசரின் காவற்படைத் தலைவர். 244இல் கோர்டியன் இறந்துவிட்டார், அவருக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ரோமில் அவள் பெயரில் அடித்த காசு மிக அரிது, பணக்காரச் சேகரிப்பாளர்கள் மட்டும் தொடக்கூடியது. ஆனால் மார்சியானோபோலிஸ், மெசெம்ப்ரியா, தோமிஸ் போன்ற கருங்கடல் பக்கத்து நகரங்கள் எல்லாம் அவள் முகத்தைத் தாராளமாக அடித்தன. எகிப்தின் அலெக்சாந்திரியாவும் அடித்தது. தலைநகரில் காண முடியாத அரசியை மாகாணத்துக் கடைத்தெருவில் மீன் வாங்கியவர்கள் தினமும் கையில் வைத்திருந்தார்கள். அதனால்தான் எனக்கு ரோமின் தங்கத்தைவிட இந்தத் தேய்ந்த வெண்கலம் பெரிது.

கேள்வி கேட்டவர்:
அக்கா, மேல் வரியின் கடைசியில் ஒன்று, கீழ் வரியின் தொடக்கத்தில் ஒன்று! இரண்டும் கோடு இல்லாதவை. அப்புறம், ஓரத்தில் வெளிர்பச்சையாக மாவு போல உதிர்கிறது. அதுவும் படலம்தானா?

பதில் (பீடோங்):
த்ரான்குல்லினாவேதான் தம்பி! ஆனால் அந்த மாவு படலம் இல்லை, நோய். குளோரைடும் ஈரமும் சேர்ந்து வெண்கலத்தைத் தின்கிறது. நம் தோட்டப்புறக் காற்றுக்கு அது வேகமாகப் பரவும். இன்றே மற்ற காசுகளிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். மாத்திரை டப்பாவில் வரும் பொட்டலமாக இருந்தால் அடிக்கடி மாற்ற வேண்டும். பிறகு பின்பக்க எழுத்தைப் படியுங்கள். கோர்டியன் காலத்தில் அந்த மாகாணத்தை ஆண்ட தெர்துல்லியானஸ் என்ற ஆளுநர் பெயர் தெரிந்தால் ஊரும் உறுதி.