பொது இடத்துக் குப்பைத்தொட்டி: உங்க அனுபவம் என்ன?

வேப்பநிழல்:
பச்சைப் பெயின்ட் அடிச்ச அந்த இரும்புத் தொட்டி எல்லாரும் பார்த்திருப்பீங்க. எங்க பூங்காவுல இருந்தது வெளியே புதுசு மாதிரியே பளபளன்னு இருந்துச்சு. தூய்மைப் பணியாளர் அதைத் தூக்கிக் கொட்டப் போனார், அடித்தட்டு மட்டும் பிய்ஞ்சு தரையிலேயே நின்னுடுச்சு. கறுப்புத் தண்ணி அவர் கால் முழுக்க. ஒரு வார்த்தை பேசாம குழாயடிக்குப் போனார். அடியில வடிகால் ஓட்டையே இல்லைங்க. குப்பைச்சாறு தேங்கி, உள்ளிருந்தே அரிச்சிருக்கு.

கோடைமழை:
இதுக்குத்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்கணும்கிறது.

அலைவாய்:
கோடைமழை, ஸ்டெயின்லெஸ்னு மட்டும் சொன்னா பத்தாது. கடற்கரை நடைபாதையில 304 கிரேடு, அதாவது சாதாரண ஸ்டெயின்லெஸ் ரகத்துல தொட்டி வச்சாங்க. வெல்டிங் ஓரமெல்லாம் டீக்கறை மாதிரி பழுப்பு. நான் தொட்ட இடத்துல விரல்ல துரு ஒட்டுச்சு. உப்புக்காத்துக்கு 316 கிரேடு வேணும், அதுல உப்பு அரிப்பைத் தாங்க உதவுற மாலிப்டினம்ங்கிற உலோகம் 2–3% இருக்கு. அதையும் அப்பப்போ நல்ல தண்ணியில கழுவணும்.

சாலைப்பூ:
துருவே பிடிக்காதுன்னு பஸ் ஸ்டாப்புல பிளாஸ்டிக் தொட்டி வச்சாங்க. யாரோ அணைக்காத சிகரெட்டைப் போட்டுட்டுப் போக, என் கண்ணு முன்னாடியே ஒரு பக்கம் உருகிச் சரிஞ்சுது. இந்த மாதிரி தொட்டி செய்யுற பாலிஎதிலீன் பிளாஸ்டிக் 130 டிகிரி செல்சியஸ் வாக்குலேயே உருகிடும். பக்கத்துல ஒரு குழந்தை நின்னுட்டிருந்துச்சு, அதான் மறக்க முடியலை.

வாங்கப் போறவங்களுக்குச் சொல்றேன். ஆள் நடமாட்டம் உள்ள இடத்துக்கு உலோகம்தான், சிகரெட் அணைக்க மேலேயே தனித்தட்டு இருக்கட்டும். இரும்புன்னா வெட்டி, வெல்டிங் வச்சு முடிச்ச பிறகு உருகின துத்தநாகத்துல முக்கி எடுத்ததா வாங்குங்க. முதல்லயே பூச்சு உள்ள தகட்டை வெட்டிச் செஞ்சா, வெட்டின விளிம்பும் வெல்டிங்கும்தான் முதல்ல துருப்பிடிக்கும். பிளாஸ்டிக்தான் வேணும்னா வெயில் தாங்க யுவி ஸ்டெபிலைசர் கலந்ததான்னு கேளுங்க, இல்லேன்னா வெளிறி, நொறுங்கிடும். காங்கிரீட்ல போல்ட் போட்டு இறுக்குங்க. வாய் அகலமா இருந்தா வீட்டுக் குப்பை மூட்டையெல்லாம் அதுக்குள்ளதான் வந்து சேரும்.

வேப்பநிழல்:
எல்லாம் சரிங்க, ஆனா யாரும் கொட்டுறவரைப் பத்திப் பேசலையே! மொத்தத் தொட்டியையும் தூக்க வைக்கிற மாடலே எனக்கு வேண்டாம். முன்பக்கம் கதவு, உள்ளே கழட்டுற மாதிரி வாளி, வாளிக்குக் கைப்பிடி. பூட்டுக்கு முக்கோணச் சாவி போதும், எல்லாப் பணியாளர்கிட்டயும் ஒண்ணு இருக்கும்.

அலைவாய்:
கதவுக் கீலும் 316லயே கேளுங்க. தொட்டி நல்லா இருக்கும், கீல்தான் முதல்ல போகும்.