ஊட்டி ரோஜாப் பூங்கா: உரத்தைக் குறைத்தால் மே மாதப் பூ குறையுமா?

மலைமண்

ஊட்டி அரசு ரோஜாப் பூங்கா போன்ற ஒரு பொதுத்தோட்டத்தில் இரசாயன உரத்தைக் கணிசமாகக் குறைக்க முடியும் என்பதே என் நிலைப்பாடு. அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுவான பரிந்துரை, ஒரு ரோஜாச் செடிக்கு 10 கிலோ தொழு உரத்துடன் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகளை 6:12:12 கிராம் வீதம் இட வேண்டும் என்பதாகும். கடையில் வாங்கும் சரக்காகச் சொன்னால் அது ஏறத்தாழ 13 கிராம் யூரியா, 75 கிராம் சூப்பர் பாஸ்பேட், 20 கிராம் பொட்டாஷ். தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அந்த 10 கிலோவுக்குள் 50 கிராம் தழைச்சத்து இருக்கிறது. யூரியா தருவதைப் போல எட்டு மடங்கு. மணிச்சத்தும் சுமார் 20 கிராம் வந்துவிடுகிறது. எருவை மண்ணின் கணக்கிலும் மூட்டை உரத்தைச் செடியின் கணக்கிலும் தனித்தனியே எழுதுவதால்தான் இந்த இரட்டிப்பு நம் கண்ணில் படுவதில்லை.

கவாத்துக்கத்தி

எருவிலுள்ள 50 கிராமும் செடியின் வாய்க்கு எப்போது வந்து சேரும் என்பதையும் சொல்லியிருக்கலாம். பூங்கா இருப்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில். அங்கே ஜனவரியில் கவாத்து செய்கிறார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுகிறார்கள். அது உறைபனி விழும் காலம். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சிக்கும் கோடை விடுமுறைக்கும் வரும் கூட்டத்தின் முன்னால் பூக்கள் நிற்க வேண்டும். குளிர்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் மந்தமாகவே வேலை செய்யும். எருவிலிருக்கும் தழைச்சத்து செடி உறிஞ்சக்கூடிய வடிவத்துக்கு மாற மாதக்கணக்கில் ஆகும். நீலகிரி மண்ணில் அங்ககக் கரிமம் மிகுதியாக இருப்பதே மக்குதல் அங்கே மெதுவாக நடக்கிறது என்பதற்குச் சான்று. எனவே கவாத்துக்குப் பிறகு துளிர் வரும் அந்தச் சில வாரங்களில் நீரில் கரையும் உரம் இல்லாவிட்டால், எருவின் பலன் பயணிகள் எல்லாரும் ஊர் திரும்பிய பிறகு, மழைக்காலத்தில்தான் தெரியும். மதுரையிலோ ஓசூரிலோ நீங்கள் சொல்வது பொருந்தலாம்.

பதியன்

இருவரும் சத்துக் கணக்கோடு நின்றுவிட்டீர்கள். நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தழைச்சத்து மிகுந்த செடியில் துளிர் மென்மையாகவும் சாறு நிறைந்தும் வளர்வதால் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கூடுகிறது, இலையில் வெண்பொடி படியும் சாம்பல் நோயும் எளிதில் பற்றுகிறது. பிறகு அதற்கு மருந்தடிக்க வேண்டியிருக்கிறது. மூடுபனியில் இலைகள் மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும் ஊட்டியில் கரும்புள்ளி நோய்க்கும் குறைவில்லை. அதைக் கட்டுப்படுத்த உதிர்ந்த இலைகளை அகற்றுவதும், செடியின் நடுவில் காற்றோட்டம் இருக்கும்படி கவாத்து செய்வதும் உரத்தைவிட முக்கியம். ஆனால் அவற்றுக்கு ஆட்கள் வேண்டும், மூட்டையைப் பிரித்துக் கொட்டுவதற்கு அவ்வளவு பேர் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் எர்த்-கைண்டு திட்டத்தில், மண்ணில் மக்கு உரம் கலந்து மேலே மூடாக்கு இட்டு, இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் ரோஜாக்களைச் சோதித்து, தாக்குப்பிடித்தவற்றையே பரிந்துரைத்தார்கள். 'நாக் அவுட்', 'தி ஃபேரி' போன்றவை அந்தப் பட்டியலில் உள்ளன. நாமும் இரகத்திலிருந்து தொடங்கலாமே?

கவாத்துக்கத்தி

இரகத்தை மாற்றும் யோசனையை இந்தப் பூங்காவுக்கு நான் ஏற்க மாட்டேன். நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-இல் தொடங்கப்பட்ட பூங்கா இது. 2006-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதைச் சிறந்த தோட்டமாகத் தேர்ந்து விருதளித்தது. ஆயிரக்கணக்கான இரகங்களை ஒரே இடத்தில் வளர்ப்பதே இதன் பெருமை. பெரிய மொட்டு விடும் பழைய ஹைப்ரிட் டீ இரகங்களைப் பிடுங்கிவிட்டு, எங்கும் கிடைக்கும் புதர் ரோஜாக்களை நட்டால் உரச் செலவு நிச்சயம் குறையும். ஆனால் மலையேறி வந்து பார்க்க என்ன மிஞ்சும்?

மலைமண்

இரகம் பற்றிய உங்கள் கருத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. குளிர்மண் வாதமும் வலுவானது. ஆனால் அது தழைச்சத்துக்கு மட்டுமே பொருந்தும். ஜனவரிக்குப் பிறகு கொஞ்சம் யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடுவதை நான் எதிர்க்கவில்லை. பரிந்துரையில் தழைச்சத்தைப் போல இரண்டு மடங்காக நிற்கும் மணிச்சத்தைத்தான் கேள்வி கேட்கிறேன். அது மண்ணில் பெரும்பாலும் நகராது. ஆண்டுதோறும் இட்டால் பாத்தியிலேயே சேரும். மணிச்சத்து மிகுந்த மண்ணில் வேரோடு கூடி வாழும் வேர்ப்பூசணம் குறைகிறது. துத்தநாகத்தைச் செடி எடுத்துக்கொள்வதும் தடைப்படுகிறது. பிறகு துளிர் இலை வெளுத்திருக்கிறது என்று நுண்ணூட்டக் கலவை வாங்கித் தெளிக்கிறோம்.

கவாத்துக்கத்தி

நீலகிரியின் அமிலச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது அங்கே தேயிலை பயிரிடுகிறவர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. இட்டதில் பெரும்பகுதி செடிக்குக் கிடைக்காது என்பதால்தான் கூடுதலாக இடுகிறார்கள். அதைச் சேமிப்பு என்று நீங்கள் சொல்கிறீர்கள். செடியைப் பொறுத்தவரை அது பூட்டிய பெட்டி.

மலைமண்

புதிதாக வெட்டித் திருத்திய சரிவுக்கு அது சரி. எருவும் உரமும் பல ஆண்டுகள் வாங்கிய பாத்தியில், மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பிவிடும். எருவிலிருந்து வரும் அங்கக அமிலங்களும் அந்தப் பிடிப்பைத் தளர்த்தும். நிரம்பிவிட்டதா இல்லையா என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல முடியும். அதுவும் அமில மண்ணுக்கு உரிய பிரே முறையில் செய்ய வேண்டும், சுண்ணாம்பு மண்ணுக்கான ஓல்சன் முறையில் அல்ல. கார அமில நிலை (pH) 6-க்கும் கீழே இருந்தால் முதலில் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடியை இட்டு அதைச் சரிசெய்வதே மலிவான வழி. அப்போது பிடிபட்டிருக்கும் மணிச்சத்திலும் ஒரு பகுதி விடுபடும். மூட்டையைக் கூட்டுவது கடைசியாகச் செய்ய வேண்டியது.

ஐந்து அடுக்குகளாகச் சரிவில் இறங்கும் தோட்டம் இது என்பதையும் மறக்க வேண்டாம். மழைக்கு முன் மேல் அடுக்கில் தூவிய யூரியா, அங்குள்ள செடிக்கு எவ்வளவு உதவுகிறதோ அவ்வளவு கீழே உள்ள ஓடைக்கும் போகும்.

பதியன்

ஓடையையும் ஏரியையும் பற்றிப் பேசும்போது அளவோடு பேசுவோம். ஊட்டி ஏரியைக் கெடுத்ததில் முதன்மையானது நகரத்தின் கழிவுநீர். ஒரு பூங்காவின் யூரியாவை அதற்கு இணையாக நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் தென்மேற்குப் பருவமழை மும்முரமாக இருக்கும் நாட்களில் மேலுரம் இடக்கூடாது என்ற விதி வேண்டும். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

கவாத்துக்கத்தி

மழையில் உரம் இடக்கூடாது என்பதை நானும் ஏற்கிறேன். ஓர் அடுக்கில் மட்டும் இரண்டு ஆண்டுகள் சூப்பர் பாஸ்பேட்டை நிறுத்திப் பார்ப்பதற்கும், வேண்டுமானால் அமில மண்ணில் மெதுவாகக் கரையும் பாறை பாஸ்பேட்டைச் சிறிதளவு இடுவதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. கவாத்துக்குப் பிந்தைய யூரியாவில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. கண்காட்சி நாளில் பூ இல்லையென்றால் பொதுமக்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் தோட்ட மேலாளர். மண் பரிசோதனை நிலையம் அல்ல.

மலைமண்

அந்தச் சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு. உரம் நிறுத்திய அடுக்கிலும் நிறுத்தாத அடுக்கிலும் ஒரே இரகம், ஒரே வயதுச் செடிகள் உள்ள பாத்திகளையே ஒப்பிட வேண்டும்; கவாத்தும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இடையே உறைபனி விழும் அளவே வேறுபடும் என்பதால், இயன்றவரை ஒரே அடுக்கை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது. பூக்களை எண்ணுவதோடு, அசுவினிக்கும் சாம்பல் நோய்க்கும் எத்தனை முறை மருந்தடிக்க நேர்ந்தது என்பதையும் இரு பக்கத்துக்கும் தனித்தனியே குறித்து வைக்க வேண்டும்.